பன்னிரண்டு ஓடும் கப்பல்

1

நோர்வேயின் பேர்கனில் காற்றுக்கு ஒரு கணக்கு, தெருவுக்கு ஒரு கணக்கு, கடலுக்கு ஒரு கணக்கு. நான் இங்கே பஸ் ஓட்டுகிறவன் என்பதால் முதல் இரண்டும் தெரியாமல் பிழைக்க முடியாது. காலையில் டிப்போவுக்குள் நுழைந்தால், பாலத்தில் அடிக்கும் காற்றின் வேகம் சுவர்த் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். இருபத்தைந்து என்று கண்டவுடன், கொழும்பில் வளர்ந்த என் மூளை, இதற்கா பாலத்தை மூடுகிறான்கள், கொட்டாஞ்சேனைச் சந்தியில் முச்சக்கரவண்டி இதைவிட வேகமாகப் போகுமே என்று நக்கலடிக்கும். மூன்று தசம் ஆறால் பெருக்கினால் தொண்ணூறு வரும். மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் காற்று, பஸ்ஸையும் என்னையும் சேர்த்துத் தூக்கித் தண்ணீரில் வைத்துவிடும். பெருக்கிப் பார்க்காமல் இன்றுவரை என்னால் பயப்பட முடியவில்லை.

தூரத்திலும் அப்படித்தான். நோர்வேக்கு வந்த முதல் பனிக்காலத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அகதி முகாம் எவ்வளவு தூரம் என்று ஒருவரிடம் கேட்டேன். இரண்டு மில் என்றார். இரண்டு மைல்தானே, கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும்கூட இல்லை என்று நடக்கத் தொடங்கினேன். இந்த ஊர்க்காரரின் ஒரு மில் பத்துக் கிலோமீட்டர் என்பதை, பனி தள்ளும் வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பாதி விறைத்த நிலையில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அறிந்தேன். அவர் வழி முழுக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், முகம் அசைந்த அளவுக்கு.

கடலின் கணக்கை மட்டும் நான் படிக்கவே இல்லை. துறைமுக நகரத்தில் இத்தனை காலம் இருந்தும் படகு என்றால் காதைப் பொத்திக்கொள்வேன். காரணம் உண்டு, சொல்கிறேன். ஆனால் பிள்ளைகள் நாம் பொத்திய காதுக்குள்ளேயே வந்து கதைப்பவர்கள். என் மகள் ஜெனிக்குப் படகு ஓட்டும் லைசன்ஸ் வேண்டுமாம். போன ஐப்பசியில் ஒரு பின்னேரம் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்துப் போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். எங்களோடு பாதி தமிழும் பாதி நோர்வேயும்தான் கதைப்பாள். சட்டதிட்டம் என்று வந்தால் முழுக்க நோர்வேதான். துறைமுகத்துக்குள் ஐந்து நொட்டுக்கு மேல் போனால் தண்டம் என்று சத்தமாக வாசித்தாள். கடலில் வேகத்தை நொட்டில்தான் சொல்வார்களாம். ஐந்து நொட் என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான் பருப்புச் சட்டியில் கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஒரு நொட் எண்டா ஒரு கிலோமீட்டர்தானே?"

"இல்லை அப்பா. ஒண்டு தசம் எட்டு அஞ்சு. கிட்டத்தட்ட ரெண்டு."

"பெரிய கப்பலுக்குமோ?"

"எல்லாத்துக்கும்தான்."

"பழைய கப்பலுக்கும்?"

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தது. ஒரு நொட் ஒரு கிலோமீட்டர் என்ற கணக்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு மனிதரை முப்பத்தெட்டு வருடம் உயிரோடு வைத்திருந்தது. அந்த மனிதர் என் அப்பா.

2

அப்பா கொழும்புத் துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்த்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைக்கு இழுத்து வரும் சின்னப் படகு அது. எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த வேலையில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் இருந்த ஒரு ஏஜென்சி, சரக்குக் கப்பல்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பியது. அவர் பதிந்தார், கிடைத்தது. வாழ்நாள் முழுக்கக் கப்பல்களைத் தொட்டுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக ஒன்றில் ஏறித் தூரத்துக்குப் போகப் போகிறார். முதல் நிறுத்தம் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகம்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. போவதற்கு முதல்நாள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தது நன்றாக ஞாபகம். அம்மா கொட்டாஞ்சேனையில் பேர் போன தையற்காரி, எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். கப்பல் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டார்.

"பன்னிரண்டு ஓடும்," என்றார் அப்பா.

துறைமுகத்துக்காரர் அப்படித்தான் கதைப்பார்கள். பன்னிரண்டு ஓடும், பதினாலு ஓடும், அவ்வளவுதான். எதில் பன்னிரண்டு என்று அவர்களுக்குள் யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்த வேகம் காலி வீதி பஸ்ஸின் வேகம். அது மணிக்கு நாற்பது கிலோமீட்டர்.

"பன்னிரண்டோ? அப்ப நான் சைக்கிளில வந்தே உங்களைப் பிடிச்சிடுவன்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கடலில் பன்னிரண்டு ஓடினால் நல்ல கப்பல் என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. அம்மா சைக்கிளில் கடலின் மேல் வருவதை அப்பா நினைத்திருப்பார் போல, பிறகும் இரண்டு தரம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். எனக்கு அப்பாவைப் பற்றிய கடைசி முழு ஞாபகம் அந்தச் சிரிப்புத்தான்.

அவர் போன அன்றே அம்மா என் தேசப்படப் புத்தகத்திலிருந்து இந்து சமுத்திரம் இருந்த பக்கத்தை வெட்டி எடுத்தார். எனக்குக் கோபம், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போவது நான்தானே. அதை அட்டையில் ஒட்டித் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார். கொழும்பிலிருந்து டர்பனுக்குக் கடல் வழியாக ஒரு தையல் நூலைப் பிடித்து, நூலை டேப்பால் அளந்து, படத்தின் மூலையில் இருந்த அளவுத்திட்டத்தோடு ஒப்பிட்டு, ஒரு நாளைக்குக் கப்பல் எவ்வளவு போகும் என்று கண்டுபிடித்தார். பன்னிரண்டை இருபத்துநாலால் பெருக்கினால் இருநூற்று எண்பத்தெட்டு. ஆகவே இருநூற்று எண்பத்தெட்டுக் கிலோமீட்டர். படத்தில் அது ஒரு நெல்மணி அளவுகூட வராது. அவருக்கு அது போதும். சட்டைக் கழுத்தை அதைவிடச் சின்ன அளவுக்கெல்லாம் பிரித்துத் தைத்தவர்.

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு, கோயில் மணி அடித்ததும், தலை சிவந்த குண்டூசி ஒன்றை அந்த அளவுக்கு நகர்த்துவார். பிறகு மெழுகுதிரி கொளுத்தி, விரலைக் குண்டூசியின் மேல் வைத்து, மூன்று தரம் அருள்நிறை மரியே செபம் சொல்வார். நானும் சொல்ல வேண்டும். எங்கோ நிற்கும் ஆளுக்காக அல்ல, இந்த இடத்தில், இந்தத் தண்ணீரில் இப்போது நிற்கும் ஆளுக்காக என்று அம்மா எனக்கு விளக்கினார். இடம் தெரிந்தால்தான் மனம் நிற்குமாம்.

3

இரண்டு கிழமை ஆவதற்கு முன்பே, அப்பா போன பதின்மூன்றாம் நாள், ஏஜென்சியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மத்தியானம், அம்மா தையல் மெஷினில் இருந்தார். அவன் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. சிங்களத்தில்தான் சொன்னான். முந்தாநாள் இரவு உங்கள் கணவரைக் கப்பலில் காணவில்லை, கடலில் விழுந்திருக்கிறார், கப்பலைத் திருப்பித் தேடினார்கள், கிடைக்கவில்லை என்றான்.

அம்மா அழவில்லை. எங்கே என்று கேட்டார். டர்பனுக்குக் கிட்ட, துறைமுகம் வர இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்றான். அம்மா அவனைச் சிங்களத்தில் தம்பியை அழைப்பதுபோல் மல்லி, மல்லி என்று கூப்பிட்டுப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, காட்டு என்றார். அவன் தயங்கித் தயங்கி ஆபிரிக்காக் கரைக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். அம்மாவின் குண்டூசி அன்றைக்கு மொரிசியஸ் தீவைத் தொடவும் இல்லை. அதற்கும் அவன் விரலுக்கும் நடுவில் மூன்று விரல் அகலக் கடல் இருந்தது.

"அங்க எப்பிடியடா கப்பல் போயிருக்கும்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். பிறகு அவனிடம் சிங்களத்தில், இது வேறு கப்பல், வேறு ஆள் என்றார். எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஐந்து அந்தோனி இருப்பார்கள். அப்பாவும் ஒரு அந்தோனி. பெயர் மாறிப்போயிருக்கிறது என்று அம்மா முடிவு கட்டினார். அந்தப் பையனுக்கும் கடலின் கணக்குத் தெரியாது, ஒரு கந்தோரில் இருந்து பெயர்களை எழுதுகிறவன். எனக்குச் சொன்னதை நான் சொன்னேன் அக்கே என்றான். அம்மா அவனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் குண்டூசி நகரவில்லை. அவர் பற்றிச் சரியான செய்தி வரும்வரை அது நிற்கட்டும் என்றார். அந்தச் செய்திதான் வந்துவிட்டதே என்று பங்குத் தந்தை சொன்னார், சித்தப்பா சொன்னார், தையல் கொண்டுவந்த பெண்கள் சொன்னார்கள். எல்லாரையும் அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்திக் கணக்கைக் காட்டினார். பெருக்கலில் பிழை இல்லை. ஒருத்தராலும் மறுக்க முடியவில்லை. நானும் கொப்பியில் செய்து பார்த்தேன், எனக்கும் அதே விடைதான் வந்தது.

4

மொரிசியசில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கப்பலில் ஏதோ பிரச்சினை, அவர் அங்கே இறங்கியிருப்பார், தமிழர் இருக்கிற இடம்தானே, பார்த்துக்கொள்வார்கள் என்பார். வருடங்கள் போகப் போக அந்தத் தீவில் அப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. பிறகு ஒரு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார், அதனால்தான் கடிதம் எழுத முடியவில்லை. வேறு குடும்பம் இருக்குமோ என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, என்னைக் கேட்டார். இருந்தாலும் பரவாயில்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

சிரிக்கலாம். நான் சிரித்ததில்லை, ஏனென்றால் நானும் அதற்குள்தான் வளர்ந்தேன். நோர்வேக்கு வந்து முதல் விசாரணையில் தகப்பன் என்ன செய்கிறார் என்று அதிகாரி கேட்டபோது, கப்பலில் என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று அவர் திருப்பிக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்குக் கனநேரம் எடுத்தது. பஸ்ஸில் கடைசித் தரிப்பிடத்தில் இறங்காமல் தூங்கும் வயதானவர்களை எழுப்பும்போது, தொப்பியை விலக்கும்வரை எனக்கு நெஞ்சு பதறும். எல்லாரும் வெள்ளைக்காரர் என்று தெரியும். தெரிந்தும் பதறும். இப்போது எனக்கு அப்பாவைவிடப் பத்து வயது கூடிவிட்டது. வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முதலில் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாரைப் பார்க்கிறார் என்று நான் கேட்பதில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு அசையமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, படி ஏற முடியாது என்பதால், வெள்ளவத்தையில் லிஃப்ட் உள்ள தொடர்மாடி ஒன்றுக்கு மாற்றினேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பழைய வீட்டுச் சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், புது விலாசத்தைக் கொடுக்க வேண்டும். அப்பா வந்து தேடினால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகக் கூடாதல்லவா. நானா அதை எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். அம்மா நத்தாருக்கு அவருக்குக் கேக் அனுப்புவதும், பெருநாளைக்கு அவர் வட்டிலப்பம் அனுப்புவதும் முன்பே உள்ள வழக்கம். இப்போது கேக்கோடு ஒரு கேள்வியும் போகும்: ஆராவது வந்தவையோ?

5

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. தையோடு கலியாணம், போய்விடுவாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்மாவை இங்கே கூப்பிட வேண்டும். தனித்துப்போன வயதான தாயைக் கூப்பிட இங்கே வழி இருக்கிறது. ஆனால் தனித்துப்போனதை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் திருமணமானவர், விவாகரத்தானவர், விதவை என்று மூன்று கட்டம். முப்பத்தெட்டு வருடமாக மொரிசியசுக்குப் பக்கத்தில் நிற்பவரின் மனைவிக்குக் கட்டம் இல்லை. குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விளக்கப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, மரண அத்தாட்சிப் பத்திரத்தை இணைத்துவிடுங்கள் என்றாள்.

அந்த ஏஜென்சி மூடி எத்தனையோ காலம். கொழும்பில் கேட்ட வழக்கறிஞர், நீண்ட காலம் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, அம்மா ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும் என்றார். என் கணவர் இறந்துவிட்டார் என்று நம்புகிறேன் என்று சமாதான நீதவானுக்கு முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொல்ல அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சத்தியக்கடதாசியில பொய் எழுதச் சொல்லுறியோ, தம்பி?"

"பொய் இல்லையம்மா."

"கணக்குப் பாத்தனிதானே நீயும்."

பார்த்தவன்தான். தனியாகக் கிடந்து செத்தாலும் சாவேனே தவிர, உயிரோடு இருக்கிற மனுசனைக் கையெழுத்துப் போட்டுக் கொல்லமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை என் தொலைபேசியை எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஜெனி மேசையில் புத்தகத்தை விரித்தாள்.

அன்று பருப்பை அப்படியே விட்டுவிட்டு அவளையே கணக்குப் போடச் சொன்னேன். பன்னிரண்டு நொட் கப்பல் ஒரு நாளில் எவ்வளவு கிலோமீட்டர் போகும்? ஐந்நூற்று முப்பத்துச் சொச்சம். கொழும்பிலிருந்து பதினோரு நாள் ஓடினால்? அவள் திரையில் கடல் படத்தை எடுத்து விரலால் கோடு இழுத்தாள். கோடு மொரிசியசைத் தாண்டியது, மடகஸ்காரைச் சுற்றியது, ஆபிரிக்காக் கரைக்குக் கிட்டப் போய் நின்றது. டர்பனுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

அந்தப் பையன் விரல் வைத்த இடம்.

6

சொல்வதா விடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. ஜெனி நோர்வே மொழியில் பெரிய பிரசங்கமே வைத்தாள். உண்மையை அறிவது அப்பம்மாவின் உரிமை, அவவைக் குழந்தை மாதிரி நடத்தாதீர்கள் என்றாள். இந்த நாட்டில் படித்த பிள்ளை, உரிமை என்ற சொல்லை உப்பு மாதிரிப் போடுவாள். என் மனைவி, அந்த மனுசிக்கு இருக்கிறதே அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டு இங்கே கொண்டுவந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். இரண்டும் சரியாகவே பட்டது, அதுதான் என் பிரச்சினை.

எனக்கு வேறு பயமும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருக்கலுக்குப் பிறகு, பாலத்தில் பஸ் ஓட்டும்போது கீழே தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. இதுவரை அப்பா ஒரு தீவில், ஒரு கட்டிலில், கிழவராக இருந்தார். இப்போது நாற்பது வயதில் இருட்டில் நீந்திக்கொண்டு, போகிற கப்பலின் வெளிச்சத்தைப் பார்க்கிறார். பன்னிரண்டு என்ற எண் சின்னது என்று நினைத்தோமே. தண்ணீரில் கிடக்கும் ஆளை விட்டு அது எவ்வளவு கெதியாகப் போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். என்னாலேயே தாங்க முடியாததை எழுபது தாண்டியவரிடம் எப்படிக் கொடுப்பது?

தொலைபேசியில் சொல்லும் விஷயம் அல்ல. லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

7

வெள்ளவத்தை வீட்டின் முன்னறையிலிருந்து கடல் தெரியும். இடையில் ரயில் பாதை. ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் ஆடும். தூரத்தில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள், சிலது நாள்கணக்காக அதே இடத்தில். படம் இங்கேயும் திரு இருதயத்துக்குக் கீழேதான். நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. குண்டூசியின் சிவப்பு, விரல் பட்டுப் பட்டு உரிந்து இரும்பு தெரிந்தது.

இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் மீன் பொரியலும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மாவே தொடங்கினார். நீ என்னத்தையோ வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறாய், சொல்லு என்றார். நான் விமானத்தில் வரும்போது பாடமாக்கிய முன்னுரை எல்லாம் மறந்துபோனது.

"அம்மா, கப்பல்காரர் சொல்லுற பன்னிரண்டு கிலோமீட்டர் இல்லை."

"பின்ன?"

"கடலுக்கு வேற கணக்காம். ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர்."

அம்மா என்னைப் பார்த்தார். அந்த வீடியோப் பார்வை. ஆர் சொன்னது என்றார். ஜெனியின் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். சரியாக எவ்வளவு என்று கேட்டார். ஒன்று தசம் எட்டு ஐந்து. அதைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தையல் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

நான் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் படத்துக்கு முன்னால் நின்றார். நூலைப் பிடித்தார், டேப்பை வைத்தார். பெருக்கலை மட்டும் என்னிடம் கேட்டார், அதையும் நம்பாமல் கலண்டர் தாளின் பின்பக்கம் தானே ஒரு தரம் போட்டார். கண்ணாடி மூக்கில் வழுக்கியது, ஆனால் நூல் வழுக்கவில்லை. அந்தப் பொடியன் முந்தாநாள் இரவு எண்டுதானே சொன்னவன் என்று நாளைச் சரிபார்த்தார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய முந்தாநாள் அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. நூலின் முனை ஆபிரிக்காக் கரைக்குக் கிட்டப் போய் நின்றது.

குண்டூசியைப் பிடுங்கினார். அவ்வளவு காலம் நின்ற இடத்தில் ஒரு துளை. அதைப் புது இடத்தில் குத்தினார்.

ரயில் ஒன்று போனது. கோப்பைகள் ஆடி நின்றன.

"அப்ப நான் கை வைச்சுச் செபிச்ச இடத்தில அவர் இருக்கேல்லை," என்றார் அம்மா. "ஒவ்வொரு நாளும் அவருக்குப் பின்னால நிண்டெல்லோ செபிச்சிருக்கிறன். அண்டைக்கு இரவும்."

"கடவுளுக்குக் கணக்குத் தெரியும்தானே அம்மா" என்றேன்.

"ஓம். அவருக்குத் தெரிஞ்சபடியால்தான் அந்தப் பொடியனை அனுப்பினவர். நான்தான் கதவைச் சாத்தினனான்."

அம்மா அழுவதை நான் வாழ்க்கையில் முதல் தரம் பார்த்தேன். சத்தம் இல்லை. வாக்கரின் பிடியைப் பிடித்தபடி நின்று அழுதார். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. பிறகு ஆறு மணி ஆகும்வரை படத்துக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளவத்தையில் கோயில் மணி கேட்காது, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான். ஆறுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். விரலைப் புது இடத்தில் வைத்து மூன்று அருள்நிறை மரியே சொன்னார். அதோடு நிறுத்தவில்லை, நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் என்றார். இறந்தவர்களுக்காக மட்டும் சொல்லும் செபம் அது. எங்கள் வீட்டில் அப்பாவுக்காக அதை ஒருவரும் சொன்னதில்லை. அம்மா தொடங்கி நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான் சொன்னேன்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். சத்தியக்கடதாசிக்கு நாளைக்கே போகலாம். நானாவிடம் சொல்லி அந்த விலாசத்தைக் கழற்றச் சொல்ல வேண்டும். நானாவைக் கட்டாயம் முப்பத்தொண்டுக்கு, செத்தவரின் முப்பத்தோராம் நாள் செபத்துக்கு, கூப்பிட வேண்டும், அது முடியாமல் தான் இந்த வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார்.

"முப்பத்தொண்டு எந்த நாளில இருந்து எண்ணுறது, அம்மா?"

"இண்டையில இருந்து எண்ணு."

கலண்டரைக் கழற்றி எண்ணினேன். என் டிக்கட் அதற்கு முன்னரே முடிந்துவிடும். ஜெனியைக் கூப்பிட்டு அதை மாற்றித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அப்பப்பா செத்துப்போனார் என்றேன். நோர்வே மொழியில் அல்ல, தமிழில், அப்பம்மா சாப்பிட்டாவோ என்று கேட்டாள்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா மெஷினுக்கு முன்னால் இருந்தார். பழைய கறுப்புப் பாவாடை ஒன்றைக் கிழித்து மடியில் வைத்திருந்தார். செத்த வீட்டு மகன் சட்டைக் கையில் கட்டும் கறுப்புப் பட்டிக்கு.

"கையை நீட்டு," என்றார்.

நீட்டினேன். சற்று முன் கடலில் வைத்த அதே டேப்பை என் மேற்கையைச் சுற்றிப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து இலக்கத்தை வாசித்தார்.

"அவரை விட உன்ர கை மொத்தம்," என்றார், துணியை வெட்டத் தொடங்கினார்.